குதிரைகளுக்குத் தனித்தனி அறை கட்டலாமா?

அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் இரண்டு பெட்டைக்குதிரைகளையும் இரண்டு வயதை நெருங்கும் ஓர் ஆண்குட்டியையும் வாங்கியிருப்பதாகவும், காங்கேயம் பக்கத்துத் தோட்டத்தில் அவற்றுக்குப் பத்தடிக்குப் பத்தடி அளவில் மூன்று அறைகளை ஏழடிச் சுவர் வைத்துக் கட்டவிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவு போதுமா, கூரைக்குத் தகரமா கான்கிரீட்டா, தொட்டியின் விளிம்பைப் பல்லால் கவ்விக் காற்று விழுங்கும் குட்டியின் பழக்கத்தை எப்படி நிறுத்துவது என்பவை உங்கள் கேள்விகள். தோட்டத்தை ஒட்டி இரண்டு ஏக்கர் கொறங்காடு, அதாவது மானாவாரி மேய்ச்சல் நிலம், சும்மா கிடக்கிறது என்று கடைசி வரியில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னவற்றுள் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி வரிதான்.

சுருக்கமான பதில் இது: மூன்று அறைகளைக் கட்டாதீர்கள். அதற்கான பணத்தில் பெரும்பகுதியை அந்தக் கொறங்காட்டுக்கு நல்ல வேலி போடவும், அதன் ஓரத்தில் மூன்று குதிரைகளும் சேர்ந்து ஒதுங்கும் ஒரு திறந்த கொட்டகை அமைக்கவும் செலவிடுங்கள். நோயுற்ற குதிரையையோ குட்டி ஈனும் குதிரையையோ சில நாட்கள் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரே ஓர் அறை போதும். இப்படிச் சொல்வதற்கான காரணங்கள் குதிரையின் வயிற்றிலும் தூக்கத்திலும் கூட்ட வாழ்விலும் இருப்பதால் அவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வயிறு. மாடு ஒரே மூச்சில் மேய்ந்துவிட்டு, பிறகு படுத்து அசைபோடும். குதிரைக்கு அந்த ஏற்பாடு கிடையாது. அதன் இரைப்பை உடலின் அளவோடு பார்க்கும்போது மிகச் சிறியது. ஏறத்தாழ 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அந்தச் சிறிய பையில் தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவு பகலாக அமிலம் சுரந்துகொண்டே இருக்கிறது. அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ குதிரை மெல்லும்போது மட்டுமே சுரக்கிறது. அதனால்தான் திறந்த வெளியில் வாழும் குதிரைகள் ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரத்தை மேய்வதிலேயே கழிக்கின்றன. நம் ஊர் வழக்கப்படி மாலை ஆறு மணிக்குக் கொள்ளும் தவிடும் வைத்து, ஒரு கட்டுப் புல்லையும் போட்டு அடைத்தால், எட்டு எட்டரை மணிக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். அதன்பின் விடியும்வரை வெறும் வயிற்றில் அமிலம் சுரந்துகொண்டிருக்கும். பந்தயக் குதிரைகளிடம் இரைப்பைப் புண் மிகப் பரவலாகக் காணப்படுவதற்கு இந்த நீண்ட பட்டினி இடைவெளியும் அடர்தீவனமும் முதன்மையான காரணங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் குதிரை எதையும் மெல்லாமல் நிற்கக் கூடாது என்பதை ஒரு வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ உலர்புல்லை மென்று தின்னக் குதிரைக்கு ஏறக்குறைய 40 நிமிடங்கள் ஆகும். அதே ஒரு கிலோ தானியத்தைப் பத்து நிமிடங்களில் முடித்துவிடும். ஆகவே கொள்ளின் அளவைக் கூட்டுவதால் குதிரையின் எடை கூடலாமே தவிர அதன் பொழுது நிரம்பாது. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு உலர் நிலையில் 8 கிலோ அளவுக்கு நார்த்தீவனம் தேவை. பசும்புல்லாக என்றால் 30 முதல் 40 கிலோ வரை ஆகும். இதை இரண்டு வேளையில் கொட்டாமல், சிறு கண்ணுள்ள வலைப்பைகளில் அடைத்து நான்கைந்து இடங்களில் தொங்கவிட்டால், குதிரை கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தின்னும், இரவும் கடந்துபோகும். லாடம் அடித்த கால் வலைக்குள் சிக்காத உயரத்தில் பை இருக்க வேண்டும்.

புல்லைப் பற்றி இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் நம் பகுதியில் இதைக் கவனிப்பவர்கள் குறைவு. கொறங்காட்டில் விளையும் கொழுக்கட்டைப்புல் மாட்டுக்கு அருமையான தீனி. ஆனால் அதிலும் நேப்பியர் வகைப் புல்லிலும் ஆக்சலேட் என்ற பொருள் மிகுந்திருக்கிறது. அது சுண்ணாம்புச் சத்தைக் குதிரையின் உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைப் பெரும்பாலும் சிதைத்துவிடுகின்றன; குதிரைக்கு அந்த வசதி இல்லை. இதனுடன் பாஸ்பரஸ் மிகுந்த தவிடும் சேர்ந்தால், மாதக்கணக்கில் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து முகத்தெலும்பு வீங்கும், இன்ன கால் என்று சொல்ல முடியாத ஒரு நொண்டல் வரும். எனவே தவிட்டைக் குறைத்து, குதிரைமசால் என்ற பயறுவகைத் தீவனத்தைத் தீனியில் ஒரு பங்காகச் சேர்த்து, தாது உப்புக் கலவையின் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது துணை. இந்த இடத்தில்தான் அறை அறையாகப் பிரிக்கும் லாயம் அடிப்படையிலேயே தவறிப்போகிறது. இயற்கையில் குதிரை தனியாக வாழ்வதில்லை. ஓர் ஆண்குதிரை, சில பெட்டைகள், அவற்றின் குட்டிகள் என்ற சிறு குடும்பமாக அது வாழ்கிறது. குடும்பம் அமையாத இளம் ஆண்குதிரைகளும் தங்களுக்குள் சேர்ந்து ஒரு கூட்டமாகவே திரிகின்றன. இரையாகும் விலங்குக்குக் கூட்டம் என்பது கண்ணும் காதும் போன்றது. ஏழடிச் சுவருக்குப் பின்னால் நிற்கும் குதிரைக்குப் பக்கத்து அறையில் துணை இருப்பது வாசனையால் தெரியும்; ஆனால் அதைப் பார்க்கவும் முடியாது, தொடவும் முடியாது.

பழகிய இரண்டு குதிரைகள் மாலை நேரத்தில் என்ன செய்கின்றன என்று ஒருமுறை நின்று பாருங்கள். ஒன்றின் தலை மற்றதன் வால் பக்கம் இருக்கும்படி எதிரெதிராக நெருங்கி நிற்கும். முதலில் மேலுதட்டை நீட்டி மற்றதன் கழுத்தடியைத் தடவிப் பார்க்கும். பிறகு பிடரி முடியும் இடத்திலும் முதுகு தொடங்கும் மேட்டிலும் முன்பற்களால் அழுத்திச் சுரண்டும். ஒன்று அழுத்தத்தைக் கூட்டினால் மற்றதும் கூட்டும், ஒன்று நிறுத்தினால் மற்றதும் நிறுத்தும். கண் பாதி மூடி, கீழுதடு தளர்ந்து தொங்கும். பிரான்சின் கமார்க் குதிரைகளில் நடத்தப்பட்டு 1993-இல் வெளியான ஆய்வொன்று, முதுகு மேட்டின் அந்தக் குறிப்பிட்ட இடத்தைச் சுரண்டும்போது குதிரையின் இதயத் துடிப்பு குறைவதை அளந்து காட்டியது. நாம் கையால் தேய்த்துவிடுவது நல்லதுதான். ஆனால் நாம் ஒரு நாளில் ஒரு மணி நேரம் அங்கே இருப்போம், மற்றொரு குதிரை 24 மணி நேரமும் இருக்கும்.

சுவிட்சர்லாந்து இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. 2008 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த அந்நாட்டு விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி, ஒவ்வொரு குதிரைக்கும் மற்றொரு குதிரையைப் பார்க்கவும் கேட்கவும் முகரவும் வாய்ப்பு இருக்க வேண்டும். தாயிடமிருந்து பிரித்த குட்டிகளை, முறையான வேலைக்குப் பழக்கத் தொடங்கும்வரை அல்லது 30 மாத வயதுவரை, கூட்டமாகத்தான் வளர்க்க வேண்டும். குதிரையைக் கட்டியே வைத்து வளர்க்கும் முறைக்கு ஐந்தாண்டு அவகாசம் தந்து, 2013 முதல் தடை விதித்தார்கள். உங்கள் ஆண்குட்டியின் வயதில் ஒரு குட்டியைத் தனியறையில் வளர்த்தால் அங்கே அது குற்றம். நம் நாட்டில் இவ்வளவு விரிவான விதிகள் இல்லை. ஆனாலும் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, நியாயமற்ற அளவுக்குக் குட்டையான கயிற்றிலோ சங்கிலியிலோ ஒரு விலங்கை நியாயமற்ற நேரத்துக்குக் கட்டி வைப்பதைக் குற்றமாகவே கொள்கிறது. தலைக்கயிற்றையும் பின்கால் கயிற்றையும் முளையில் இறுக்கி இரவெல்லாம் நிறுத்தும் வழக்கம் நம்மிடம் பழையது என்பதற்காக அது குதிரைக்குப் பொருந்திவிடாது.

கூட்டமாக வளர்த்தால் குதிரைகள் மனிதருக்கு அடங்காது என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. டென்மார்க்கில் இளம் குதிரைகளை வைத்துச் செய்து 2004-இல் வெளியான ஆய்வு இதற்கு நேர்மாறாகவே சொன்னது. மூன்று மூன்றாக வளர்ந்த குட்டிகள் பயிற்சியில் எளிதாகப் பழகின; தனியே வளர்ந்தவைதான் பயிற்சியாளரை அடிக்கடி கடித்தன. தன் இனத்தோடு விளையாடி, எந்த அளவுக்குக் கடிக்கலாம், எப்போது விலக வேண்டும் என்று கற்றுக்கொள்ளாத குட்டி, அந்தப் பாடத்தை நம்மிடம் கற்கப் பார்க்கிறது.

மூன்றாவது, தூக்கம். குதிரை நின்றபடியே தூங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது பாதி உண்மைதான். கால் மூட்டுகளைப் பூட்டிக்கொண்டு நின்றவாறு இலேசாக உறங்க அதனால் முடியும். ஆனால் தசைகள் முற்றிலும் தளரும் ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். அதற்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் தேவை. இடம் நெருக்கமாக இருந்தாலோ, தரை கட்டாந்தரையாக இருந்தாலோ, தனிமையில் பயந்துகொண்டிருந்தாலோ குதிரை படுக்காது. பல நாட்கள் படுக்காத குதிரை நின்றவாறே ஆழ்ந்து தூங்கத் தொடங்கி, முன்கால் மடிந்து விழும். முன்முழங்காலின் முன்பக்கத்தில் காரணம் தெரியாத சிராய்ப்புகள் தென்பட்டால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். கூட்டத்தில் ஒன்று காவலாக நிற்க, மற்றவை நிம்மதியாகப் படுக்கின்றன.

இனி உங்கள் முதல் கேள்விக்கு நேராக வருகிறேன். ஜெர்மனியில் பின்பற்றப்படும் வழிகாட்டுதலின்படி, குதிரையின் முதுகு மேட்டு உயரத்தை இரண்டால் பெருக்கி, கிடைக்கும் தொகையை மீண்டும் அதே தொகையால் பெருக்கினால் வருவது தனியறையின் குறைந்தபட்சப் பரப்பு. 60 அங்குலக் குதிரைக்குக் கணக்குப் போட்டால் சரியாகப் பத்தடிக்குப் பத்தடி வரும். உங்கள் பெட்டைகள் அதைவிட உயரம் என்றால் இந்த அறை சிறியது. 60 அங்குலமே என்றாலும், அது இதற்குக் கீழே போகக்கூடாது என்ற எல்லைதான். நீங்கள் கட்டப்போகும் அந்த ஒரு நோய் அறையைப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டாகக் கட்டுங்கள். மற்ற குதிரைகள் ஒதுங்கும் கொட்டகையை ஒட்டியே அது இருக்கட்டும். இடைச்சுவரை நாலரை அடிக்கு எழுப்பி, அதன்மேல் கம்பி போடுங்கள். நோயுற்ற குதிரை தன் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் தீனி தின்னும். தொற்றுநோய் என்று மருத்துவர் சொல்லும்போது மட்டும் அதைத் தள்ளி வையுங்கள்.

கொட்டகையைப் பொறுத்தவரை, கிழக்கு மேற்காக நீண்டு, நீளவாக்கில் ஒரு பக்கம் முழுதும் திறந்து, பன்னிரண்டடி அகலத்திலும் முப்பத்தாறு முதல் நாற்பதடி நீளத்திலும் இருந்தால் மூன்று குதிரைகளுக்குத் தாராளம். ஒரு பக்கத்தை முழுதும் திறந்து விடாமல், ஒரே ஒரு வாசல் மட்டும் வைத்து எல்லாப் பக்கமும் அடைத்தால், வலிமையான குதிரை வாசலில் நின்றுகொண்டு மற்றவற்றை உள்ளே விடாது. அல்லது உள்ளே மூலையில் மடக்கி உதைக்கும். எந்த இடத்தில் நின்றாலும் தப்பிப் போக இரண்டாவது வழி ஒன்று இருக்க வேண்டும். கூட்டமாக வளர்ப்பதில் வரும் காயங்களில் பெரும்பாலானவை இந்த முட்டுச் சந்துகளால் வருபவை.

கூரைக்குத் தகரம் போடலாம், ஆனால் தாழ்வாகப் போடக் கூடாது. ஓரத்தில் பத்தடி, நடுவில் பதின்மூன்றடி உயரம் வைத்து, முகட்டில் வெப்பக் காற்று வெளியேற இடைவெளி விட்டு, தகரத்தின்மேல் தென்னங்கீற்று வேய்ந்துவிடுங்கள். கான்கிரீட் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் கீழே விடும் என்பதால் நம் வெயிலுக்கு அது ஏற்றதல்ல. குதிரைக்குக் குளிரைவிட வெக்கையும் அடைசலுமே பகை. மூடிய லாயத்தில் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா தரையோரமாகத் தங்கி, படுக்கும் குதிரையின் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். உள்ளே நுழையும்போது நம் கண் எரிந்தால், குதிரைக்கு அது எப்போதோ தாங்க முடியாத அளவைத் தாண்டியிருக்கும். தீனித் தொட்டியை உயரத்தில் பதிப்பதையும் தவிர்க்கலாம். தலையைத் தாழ்த்தித் தின்னும்போதுதான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசும் வழிந்து வெளியேறுகின்றன. புல்லில் ஒரு பங்கையாவது தரையில் ரப்பர் விரிப்போ கல்பலகையோ போட்டு வையுங்கள். வெறும் மணலில் வைத்தால் மணலும் வயிற்றுக்குள் போய்ச் சூலை நோவு வரும்.

படுக்கும் இடத்துக்குக் கெட்டிப்படுத்திய மண்தரையின்மேல் அரையடி மணலோ, காய்ந்த தேங்காய் நார்க்கழிவோ பரப்புவது நல்லது. சாணத்தைக் காலையும் மாலையும் அள்ளிவிட வேண்டும். தண்ணீர் ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 50 லிட்டர்வரை செலவாகும், கோடையில் இன்னும் கூடும். தொட்டியைக் கொட்டகைக்கு எதிர்க்கோடியில் வையுங்கள். தீனி ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம், நிழல் மரம் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தால் குதிரை தானாகவே நாள் முழுதும் நடக்கும். அப்படி நடக்கும் நடைதான் குளம்புக்கு இரத்தம் ஓடச் செய்கிறது, குடலை இயங்க வைக்கிறது, வளரும் குட்டியின் எலும்பை உறுதியாக்குகிறது. காலையில் ஒரு மணி நேரம் சவாரி போய்விட்டு 23 மணி நேரம் நிறுத்தி வைப்பது இதற்கு ஈடாகாது.

வேலி விஷயத்தில் தயவுசெய்து முள்கம்பியை விட்டுவிடுங்கள். மாடு முள்ளில் பட்டால் நிற்கும்; குதிரை மிரண்டால் பார்க்காமல் பாயும், பிறகு காலைத் தசையோடு கிழித்துக்கொள்ளும். கொறங்காட்டைச் சுற்றி ஏற்கெனவே கிளுவை வேலி இருந்தால் அதைவிடச் சிறந்த அரண் வேறில்லை. இடைவெளிகளில் கிளுவைப் போத்துகளை நட்டு, அவை வளரும்வரை உட்பக்கம் இரும்புக் குழாயோ மரச்சட்டமோ இரண்டு வரிசை கட்டுங்கள், மூலைகளை வளைத்துவிடுங்கள். வெள்வேல மரங்களை வெட்ட வேண்டாம். அரளி ஒரு செடிகூட உள்ளேயோ வேலியோரமோ இருக்கக் கூடாது; அதன் இலை கொஞ்சம் போனாலும் குதிரையின் இதயம் நின்றுவிடும். இரண்டு ஏக்கர் மானாவாரிக் காடு மூன்று குதிரைகளுக்கு ஆண்டு முழுதும் மேய்ச்சல் தராது என்பதையும் மனத்தில் வைத்து, அதை மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றி விட்டு, வெட்டிய தீவனத்தை ஆண்டு முழுதும் கொடுத்து வாருங்கள்.

சந்தையில் வாங்கியவை என்பதால், மூன்றும் ஒரே கூட்டத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை. முதல் மூன்று வாரங்கள் ஒன்றின் மூக்கு மற்றதைத் தொடாத தூரத்தில், ஆனால் ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். காய்ச்சல், மூக்கொழுக்கு, தாடைக்கடியில் வீக்கம் இவற்றைத் தினமும் பாருங்கள். கிளாண்டர்ஸ் பரிசோதனைக்கு இரத்த மாதிரியும் கொடுத்துவிடுங்கள், ஏனெனில் அந்த நோய் மனிதருக்கும் தொற்றும். அதன்பின் வேலியின் இருபுறமும் சில நாட்கள் விட்டு முகர்ந்து பழக விடலாம். ஒன்று சேர்க்கும் நாளில் பின்கால் லாடங்களைக் கழற்றிவிட்டு, அகலமான இடத்தில், குதிரைகளின் எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு கூடுதலான புல்குவியல்களை ஒன்றுக்கொன்று முப்பதடி தள்ளி வைத்துச் சேருங்கள். காதை மடக்குவதும், கிறீச்சிடுவதும், பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவதும் நடக்கும். அது அவற்றின் பேச்சு, நடுவில் புகாதீர்கள். ஒன்று மற்றதை விடாமல் துரத்தி, அது புல்லுக்கும் தண்ணீருக்கும் வர முடியாமல் போனால் மட்டும் பிரித்து, மறுபடி வேலிப் பழக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

ஆண்குட்டிதான் இதில் சிக்கலானது. இரண்டு வயதில் அதனால் பெட்டையைச் சினையாக்க முடியும். இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லையென்றால் மருத்துவரிடம் காயடித்து, ஆறு வாரம் கழித்துப் பெட்டைகளோடு சேர்ப்பதே அந்தக் குட்டிக்கு நாம் செய்யும் பெரிய நன்மை என்பது என் உறுதியான கருத்து. காயடிக்காத ஆண்குதிரை என்ற ஒரே காரணத்துக்காக ஆயுள் முழுதும் தனியறையில் நிற்கும் குதிரைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வாழ்க்கை அதற்கு வேண்டாம். பொலிகுதிரையாகவே வைத்திருக்க விரும்பினால், பெட்டைகள் கண்ணில் படாத இடத்தில் இன்னொரு ஆண்குதிரையைத் துணையாகத் தர வேண்டும். இது நடக்காத காரியம் அல்ல. சுவிட்சர்லாந்தின் அவான்ஷ் நகரிலுள்ள தேசியக் குதிரைப் பண்ணையில் பொலிகுதிரைகளையே ஒரே மேய்ச்சல் வெளியில் கூட்டமாக விட்டு ஆராய்ந்தார்கள். முதல் சில நாட்களுக்குப் பின் சண்டைகள் வெகுவாகக் குறைந்தன. அறையில் வைத்தே ஆக வேண்டிய பொலிகுதிரைகளுக்காக, தலையையும் கழுத்தையும் நுழைத்துப் பக்கத்துக் குதிரையைச் சுரண்டிவிடும் அளவுக்கு இடைவெளியுள்ள கம்பித் தடுப்பை ஒரு பாதியிலும், ஒதுங்கிக்கொள்ள மூடிய சுவரை மறுபாதியிலும் வைத்துப் பயன்படுத்தியும் பார்த்திருக்கிறார்கள்.

குட்டி தொட்டியைக் கவ்வுவதை நிறுத்தக் கழுத்தில் இறுக்கும் பட்டையை மாட்டாதீர்கள், விளிம்பில் மிளகாயும் பூசாதீர்கள். அந்தப் பழக்கம் பெரும்பாலும் தாயிடமிருந்து பிரிக்கும் காலத்தில், தனிமையும் அடர்தீவனமும் சேர்ந்த இடத்தில் தொடங்குகிறது. கவ்வுவதைத் தடுத்தால் மனஅழுத்தம்தான் கூடும். இரைப்பைப் புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், தானியத்தைக் குறைத்து நார்த்தீவனத்தைக் கூட்டுங்கள், துணையோடு வெளியில் விடுங்கள். வேரூன்றிவிட்ட பழக்கம் முழுவதும் மறையாமல் போகலாம். ஆனால் நாளில் பல மணி நேரம் கவ்விய குட்டி எப்போதாவது கவ்வும் நிலைக்கு வரும், அதுவே போதுமானது.

வேலையின் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வேலி, அடுத்து தண்ணீர்த் தொட்டி, அடுத்து கொட்டகை, கடைசியில் அந்த ஒரு நோய் அறை. குதிரைகள் சேர்ந்து தங்கத் தொடங்கிய முதல் மாதத்தில், தினமும் காலையில் தேய்த்துவிடுவதற்கு முன் மூன்றின் விலாவையும் தொடையையும் பாருங்கள். மணலோ நார்க்கழிவோ ஒட்டியிருந்தால் அது இரவு படுத்திருக்கிறது. ஒரு குதிரையின் உடலில் தொடர்ந்து நாலைந்து நாட்கள் எதுவும் ஒட்டாமல் இருந்தால், அதைப் படுக்கவிடாமல் மற்றொன்று விரட்டுகிறது என்று பொருள். கொட்டகையின் மறுகோடியில் இரண்டாவது படுக்கை இடம் ஒன்றைப் பரப்பிவிட்டு, மறுபடியும் பாருங்கள்.